புண்ணும் பொழுதும்

நம் மன்ற மலரில் இலக்கியத்தைப் பற்றியும் மொழியின் தொன்மையைப் பற்றியும் எழுதுவோர் பலர் உளர். அவர்கள் நடுவே படுக்கைப் புண்ணைப் பற்றி எழுத வந்தேன் என்றால் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் முதுமை எல்லா வீட்டிற்கும் வரும் விருந்தாளி. பாட்டனோ பாட்டியோ படுத்த படுக்கையாகும் நாளில், படுக்க வைத்த நோய் ஒருபுறம் வாட்ட, படுத்ததனாலேயே வரும் புண் மறுபுறம் வாட்டுகிறது. அந்தப் புண்ணைப் பார்க்கவும் அளக்கவும் ஆற்றவும் தனியே பயிற்சி பெற்ற செவிலியர் இருக்கின்றனர். முதியோர் இல்லத்தில் அவர்கள் செய்யும் பணி எத்தகையது, அப்பணி நம் ஊர்களுக்கு ஏன் வேண்டும் என்பதை நான் கண்ட அளவில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மார்டள்ளி. மைசூருக்குக் கிழக்கே, கொள்ளேகாலையும் கடந்து, மாதேசுவரன் மலைக்குச் செல்லும் திசையில் உள்ளது. தமிழ் பேசும் கிறித்தவக் குடும்பங்கள் பல அங்கு வாழ்கின்றன. கொள்ளேகால் வட்டம் 1956-ஆம் ஆண்டு வரையில் சென்னை மாநிலத்துக் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது மைசூர் மாநிலத்தைச் சேர்ந்தது. 1997-ஆம் ஆண்டில் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராசநகர் மாவட்டம் பிரிந்தபோது எங்கள் ஊரும் அதனோடு சென்றது. என் தாயைப் பெற்ற அம்மாயி, இருந்த இடத்தைவிட்டு நகராமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்தவர். பேசுவதோ இன்றும் தமிழ் ஒன்றே. சந்தைக்குப் போதுமான கன்னடம் தெரியும். உடம்பின் துன்பத்தைச் சொல்லும் அளவுக்குத் தெரியாது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அம்மாயி வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. மைசூரில் அறுவை மருத்துவம் நடந்தது. அடிக்கடி மருத்துவரிடம் காட்ட வேண்டியிருந்ததாலும், மார்டள்ளியிலிருந்து பேருந்தில் வந்து போகும் நிலையில் அவர் இல்லாததாலும், சில காலம் மைசூரிலேயே ஒரு முதியோர் இல்லத்தில் வைத்துப் பார்ப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தனர். அந்த இல்லத்தின் பெயர் இங்கு வேண்டா. அங்கிருந்தவர்கள் கல்நெஞ்சர் அல்லர். நேரத்துக்குக் கஞ்சி கொடுத்தார்கள், துணி மாற்றினார்கள், அன்பாகவும் பேசினார்கள். இருந்தும் மூன்றாம் வாரத்தில் அம்மாயியின் இடுப்புக்குப் பின்னே, முதுகெலும்பு முடியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புண் வந்துவிட்டது. 'வயதானவர்கள் படுத்தால் இது வரத்தான் செய்யும்' என்று அங்கே சொன்னார்கள். நம் வீடுகளிலும் இப்படித்தானே சொல்கிறோம்? இந்தச் சொல் உண்மையா என்பதே நான் ஆராய விரும்பிய கேள்வி.

உடலின் மிக நுண்ணிய குருதிக் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் மிகவும் குறைவு. 1930-ஆம் ஆண்டில் லாண்டிஸ் என்னும் அறிவியலார் விரல்நகத்தின் ஓரத்தில் உள்ள நுண்குழாய்களில் இதை அளந்தார். தமனியை ஒட்டிய முனையில் அது சராசரியாக ஏறத்தாழ 32 மில்லிமீட்டர் பாதரச அளவு. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் உடலின் எடை அழுந்தும்போது, வெளி அழுத்தம் இந்த அளவை எளிதில் மிஞ்சிவிடுகிறது. நுண்குழாய் நசுங்கினால் குருதி நின்றுவிடும். குருதி நின்றால் உயிர்வளியும் உணவும் நின்றுவிடும். அங்குள்ள தசையும் தோலும் மடியத் தொடங்கும். 1959-ஆம் ஆண்டில் கோசியாக் என்னும் மருத்துவர் விலங்குகளில் சோதித்து, அழுத்தம் மிகுதியானால் சிறு பொழுதிலும், அழுத்தம் குறைவானால் நெடும் பொழுதிலும் புண் உண்டாகும் என்று காட்டினார். புண்ணுக்கு அழுத்தம் தாய் என்றால் பொழுது தந்தை என்னலாம்.

அப்படியானால் இரவெல்லாம் உறங்கும் நமக்கு ஏன் புண் வருவதில்லை? நாம் அறியாமலே புரண்டு படுக்கிறோம். ஓரிடம் நொந்தவுடன் உறக்கத்திலேயே உடல் திரும்பிவிடுகிறது. நோவு நம்மைக் காக்கும் காவற்காரன். அந்தக் காவற்காரனை இழந்தவர்கள் படும் பாட்டை வேலூர் உலகுக்குக் காட்டியது. 1946-ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர், தொழுநோயாளரின் காலில் உள்ள புண் தொழுநோய்க் கிருமி நேரே அரித்ததால் வந்தது அன்று என்று கண்டார். உணர்ச்சி அற்ற காலை நொந்ததென்று அறியாமல் ஊன்றி ஊன்றி நடந்ததே காரணம். காலை மாவுக்கட்டில் வைத்து அழுத்தத்தை நீக்கியதும், ஆறாது என்று கைவிடப்பட்ட புண்கள் ஆறின. உணர்ச்சி அற்ற காலுக்கென மென்மையான ரப்பர் செருப்பும் அங்குச் செய்தார்கள். அம்மாயிக்கு உணர்ச்சி இருந்தது. ஆனால் முறிந்த இடுப்போடு தானே திரும்பும் ஆற்றல் இல்லை. காவற்காரன் கூவினான், கதவைத் திறப்பார் இல்லை.

இந்த நிலையில் மருத்துவர் சொல்லி அனுப்பிய ஒரு செவிலி அந்த இல்லத்துக்கு வந்தார். புண் பராமரிப்பில் பயிற்சி பெற்றவர். மைசூரில் மூன்று இல்லங்களுக்கு முறை வைத்துச் சென்று வருபவர். நாற்பது வயது இருக்கும். கன்னடம் பேசும் அம்மையார். வந்தவுடன் கட்டை அவிழ்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ முதலில் மெத்தையின் அடியில் கையை நுழைத்துப் பார்த்தார். காற்று மெத்தைதான், ஆனால் காற்று போதாமல், அம்மாயியின் உடல் அடியில் உள்ள பலகையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பெயருக்கு மெத்தை இருந்தும் பயன் இல்லை. பிறகு குதிகால், முழங்கை, பின்தலை, காதுமடல் என்று எலும்பு உள்ள இடமெல்லாம் தொட்டுப் பார்த்தார். நம்மைப் போன்ற கரிய நிறத்தாருக்குத் தோல் சிவப்பது கண்ணுக்குத் தெரியாது. சூட்டையும் இறுக்கத்தையும் விரலால்தான் அறிய வேண்டும் என்றார். இடது குதிகாலில் ஓரிடம் அப்படி இறுகியிருந்தது. தோல் இன்னும் உடையவில்லை. அதைக் கண்டுபிடித்ததே அன்று அவர் செய்த பெரிய காரியம் என்பேன்.

பின்னரே புண்ணைப் பார்த்தார். காகித அளவுகோலை வைத்து நீளமும் அகலமும் அளந்தார். பஞ்சு சுற்றிய குச்சியால் ஆழம் அளந்தார். நீளம் 5 சென்டிமீட்டர், அகலம் 4, ஆழம் 1. தோலின் கீழுள்ள கொழுப்பு வரை சென்ற மூன்றாம் நிலைப் புண் என்று எழுதிக்கொண்டார். அதுவரை நாள்தோறும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றி, நுரை பொங்குவதைக் கண்டு, 'அழுக்கெல்லாம் போகிறது' என்று மகிழ்ந்து வந்தனர். அதை நிறுத்தச் சொன்னார். உயிர்வேதியியல் படிக்கும் எனக்கு அதன் காரணம் விளங்கியது. அம்மருந்து கிருமியை மட்டும் தேடிக் கொல்வதில்லை. புண்ணை மூட வரும் புதிய உயிரணுக்களையும் கொல்கிறது. உப்புநீரால் கழுவி, ஈரம் காயாமல் காக்கும் கட்டைப் போட்டார். புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று நாம் நம்புகிறோம். 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றிகளின் தோலில் சிறு காயங்களை உண்டாக்கிச் சிலவற்றைத் திறந்தும் சிலவற்றை மெல்லிய பாலித்தீன் தாளால் மூடியும் வைத்தார். மூடி ஈரமாக இருந்தவையே விரைவில் புதுத்தோல் போர்த்தன.

செவிலியார் செய்த பிற ஏற்பாடுகள் எளியவை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கச் செய்தார். முழுதும் மல்லாக்கவோ முழுதும் ஒருக்களிக்கவோ விடாமல், முதுகுக்குத் தலையணை கொடுத்துச் சற்றே சாய்த்துக் கிடத்தினார். மேலே நகர்த்தும்போது அக்குளைப் பிடித்து இழுக்காமல், விரிப்போடு இருவர் தூக்க வேண்டும் என்றார். இழுத்தால் தோல் ஒருபக்கமும் எலும்பு ஒருபக்கமும் சென்று உள்ளே குழாய்கள் கிழியுமாம். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது என்றார். நடுவில் துளையுள்ள காற்று வளையத்தை எடுத்து அப்புறம் வைத்தார். அது துளையைச் சுற்றியுள்ள தோலை நெரித்துக் குருதியைத் தடுக்கிறது. உணவையும் கேட்டார். கஞ்சி மட்டும் என்றதும் தலையை ஆட்டினார். புண் ஆறப் புரதம் வேண்டும். இத்தகைய நோயாளிக்கு எடையில் கிலோ ஒன்றுக்கு நாளும் 1.25 முதல் 1.5 கிராம் வரை என்பது கணக்கு. 42 கிலோ எடையுள்ள அம்மாயிக்கு ஏறத்தாழ 52 முதல் 63 கிராம் ஆகிறது. ஒரு முட்டையில் கிடைப்பதோ 6 கிராம் அளவே. ஆகவே முட்டை, பால், பயறு, கடலை என்று பட்டியல் நீண்டது.

எல்லாவற்றிலும் அரியது இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிக் கிடத்துதல். இரவில் அந்த இல்லத்தில் பணியாளர் ஒருவர். முதியோர் 18 பேர். ஒருவரைத் தலையணை வைத்துத் திருப்ப 10 நிமிடம் என்று கொண்டால் 18 பேருக்கு 180 நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் இருப்பதோ 120 நிமிடமே. ஆகாத காரியத்தை ஒருவர் தலையில் வைத்து, அவர் செய்யவில்லை என்று குறை கூறுவதில் பொருள் இல்லை. செவிலியார் குறை கூறவில்லை. ஒரு தாளை எடுத்தார். டோரீன் நார்ட்டன் என்னும் ஆங்கிலச் செவிலி 1962-ஆம் ஆண்டில் முதியோர் மருத்துவமனை ஆய்வில் வகுத்த அளவுகோல் அதில் இருந்தது. உடல்நிலை, மனத்தெளிவு, நடமாட்டம், அசையும் ஆற்றல், சிறுநீர் மலம் அடக்கும் நிலை ஆகிய ஐந்துக்கும் ஒவ்வொன்றுக்கு நான்கு வரை மதிப்பெண். மொத்தம் 20. பதினான்கும் அதற்குக் குறைவும் பெற்றவர் ஆபத்தில் உள்ளவர். பதினெட்டு பேரையும் மதிப்பிட்டதில் அறுவர் மட்டுமே அவ்வாறு இருந்தனர். ஆறு பேருக்கு 60 நிமிடம் போதும். அந்த அறுவரின் கட்டில்களையும் ஒரே கூடத்தில் பணியாளர் இருக்கைக்கு அருகே போடச் செய்தார். மற்றோர் ஆளின் உதவி வேண்டிய நேரங்களையும் குறித்தார். புதிய ஆள் எவரும் வரவில்லை. ஆனால் இரவு வேலை செய்யத்தக்க வேலையாக மாறியது.

இதைக் கண்டபோதுதான் இவர்களது பணியின் பொருள் எனக்குப் புரிந்தது. கட்டுப் போடுவது அதில் ஒரு பகுதியே. எவருக்குப் புண் வரும் என்று முன்னே அறிவதும், குறைந்த கைகளையும் குறைந்த பொழுதையும் எவருக்குக் கொடுப்பது என்று பகுத்துச் சொல்வதும், பணியாளருக்குக் கற்றுக் கொடுப்பதும், வாரந்தோறும் அளந்து எழுதி ஆறுகிறதா இல்லையா என்று உண்மை பேசுவதும் அப்பணியே ஆகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு நாட்டு மருத்துவ மேதை ஷார்கோ, நரம்பு கெட்டவருக்கு இப்புண் தவிர்க்க இயலாதது, சாவின் முன்னறிவிப்பு என்று கருதினார். அதே நூற்றாண்டில் பிளாரென்சு நைட்டிங்கேல் அம்மையார், படுக்கைப் புண் பெரும்பாலும் நோயின் குற்றம் அன்று, பராமரிப்பின் குற்றம் என்று எழுதினார். மேதையின் சொல்லைவிடச் செவிலியின் சொல்லே வென்றது. 1944-ஆம் ஆண்டில், ஜெர்மனியிலிருந்து அகதியாய் வந்த லூத்விக் குட்மன் என்னும் மருத்துவர் இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் முறிந்த வீரர்களை இரவும் பகலும் இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிக் கிடத்தச் செய்தார். சாவார் என்று எழுதி வைக்கப்பட்டவர்கள் சக்கர நாற்காலியில் அமர்ந்து விளையாட்டுப் போட்டியே நடத்தினார்கள்.

இங்கே மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டாம் மாதத்தில் ஒரு ஞாயிறு நான் இல்லத்துக்குச் சென்றபோது அம்மாயி, "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது கண்ணு, ரெண்டு நாளாச்சு" என்றார். பணியாளரைக் கேட்டேன். "அஜ்ஜி நோவு என்கிறார், மாத்திரை கொடுத்தோம்" என்று கன்னடத்தில் கூறினர். நோவு என்பது இரு மொழிக்கும் பொதுச் சொல்; புண்கூடக் கன்னடத்தில் 'ஹுண்ணு' ஆகி நிற்கிறது. ஆனால் எரிவு வேறு, கடுப்பு வேறு, குத்தல் வேறு, தெறிப்பு வேறு அல்லவா? அம்மாயி சொன்ன நான்கும் மறுபக்கம் சேரும்போது ஒரே நோவாகச் சுருங்கிவிட்டன. அன்று செவிலியார் வரும் நாள். முன்பு எரிந்தது, இப்போது நாடி துடிப்பதுபோல் துடிக்கிறது என்று அவருக்கு விளக்கினேன். அவர் முகம் மாறியது. பஞ்சுக் குச்சியைப் புண்ணின் விளிம்பில் மெல்லச் செலுத்தினார். மேலே நல்ல தோலாகத் தெரிந்த இடத்தின் அடியில் ஒரு பை இருந்தது, சீழ் வந்தது. அன்று மாலையே மருத்துவர் அதைத் திறந்துவிட்டார். கிருமி குருதியில் கலந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் எனக்குத் தனியே கூறினார். அதற்குப்பின் செவிலியார் தம் குறிப்பேட்டில் நான்கு தமிழ்ச் சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதிக்கொண்டார். அடுத்த முறை வந்தபோது, "அஜ்ஜி, எரியுதா? தெறிக்குதா?" என்று கேட்டார். அம்மாயி சிரித்த சிரிப்பு மருந்துக்கு நிகர்.

புண் மூட நான்கு திங்கள் ஆயின. இன்று அம்மாயி மார்டள்ளியில் இருக்கிறார். துணையின்றி நடக்க முடியாது. திண்ணையில் அமர்ந்து கோழிகளை அதட்ட முடியும்.

இத்தகைய செவிலியர் எல்லா இடத்திலும் இருக்கிறார்களா என்று கேட்டால், இல்லை என்றே சொல்ல வேண்டும். 1958-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நார்மா கில் என்னும் அம்மையார், தாம் குடல் அறுவை செய்துகொண்டு பட்ட துன்பத்தைப் பிறர் படாமல் இருக்க, அத்தகைய நோயாளருக்குத் தோலைக் காக்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். அந்த வித்தில் வளர்ந்த பயிற்சியே பின்பு புண் பராமரிப்பையும் தன்னுள் கொண்டது. அந்நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி வந்த விதிகள், புண் இல்லாமல் இல்லத்துக்கு வந்தவருக்கு, உடல்நிலையால் தவிர்க்க இயலாது என்றால் அன்றிப் புண் வரக்கூடாது என்கின்றன. புண் வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியது இல்லத்தின் கடமை.

நம் நாட்டில் 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அறுபதைக் கடந்தவர் பத்துக் கோடிக்கு மேல். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், ஏழை முதியோர் 150 பேரேனும் தங்கத்தக்க இல்லம் ஒன்றை மாவட்டந்தோறும் மாநில அரசு அமைக்க வழி செய்கிறது. அங்கு மருத்துவ வசதியும் வேண்டும் என்கிறது. அவ்வசதி என்னும் சொல்லுக்குள் புண் பார்க்கும் செவிலியும் அடங்க வேண்டும் என்பது என் துணிபு. ஒவ்வோர் இல்லத்துக்கும் ஒருவர் வேண்டும் என்று கேட்கவில்லை. ஒருவர் மூன்று நான்கு இல்லங்களுக்கு முறை வைத்துச் செல்லலாம் என்பதை மைசூரிலேயே கண்டேன். இல்லத்துக்கு வராமல் வீட்டிலேயே கிடப்பவருக்கும் வழி உண்டு. தமிழ்நாட்டில் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையானவரின் வீட்டுக்கே சென்று பார்க்கும் பராமரிப்பும் சேர்க்கப்பட்டது. கேரளத்தில் ஊர்தோறும் தன்னார்வலர் இத்தொண்டைப் பழகியிருக்கின்றனர். எல்லைக்கு இப்பாலுள்ள மார்டள்ளி போன்ற ஊர்களுக்கும் இது எட்ட வேண்டும்.

மாணவராகிய நாம் என்ன செய்யலாம்? நாம் மருத்துவர் அல்லோம்; கட்டை அவிழ்க்க நமக்கு உரிமை இல்லை. ஆனால் இம்மன்றத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் தமிழும் தெரியும், கன்னடமும் தெரியும். மைசூரின் இல்லங்களிலும் மருத்துவமனைகளிலும் மார்டள்ளியைப் போன்ற ஊர்களிலிருந்து வந்த முதியோர் தம் நோவைச் சொல்ல மொழியின்றிக் கிடக்கின்றனர். உடம்பின் துன்பத்தைச் சொல்லும் தமிழ்ச் சொற்களை முப்பதோ நாற்பதோ திரட்டி, அவற்றின் பொருளைக் கன்னடத்தில் எழுதிச் செவிலியர் கையில் கொடுக்கலாம். மாதம் இரு ஞாயிறுகளில் இருவர் இருவராகச் சென்று, முதியோர் சொல்வதைக் கேட்டு, செவிலியருக்கு எடுத்துரைக்கலாம். பொங்கல் விழாவுக்கு நாம் திரட்டும் பொருளில் ஒரு சிறு பங்கால் இல்லம் ஒன்றுக்கு நல்ல தலையணைகள் வாங்கலாம். குதிகாலைத் தாங்க அவை போதும்.

புண் ஒரே நாளில் வருவதன்று. யாரும் பாராத பொழுதுகளில் சிறிது சிறிதாக வருகிறது. அந்தப் பொழுதுகளில் சிலவற்றையேனும் நாம் கொடுக்க முடியும். வரும் ஆட்சிக்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். உடன் வர விரும்பும் தோழர்களும் தோழியரும் பெயர் கொடுக்க வேண்டுகிறேன்.